சாக்கு காலி

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கட்டிவந்த சாக்குக்குள் நாற்பத்திரண்டு ஜோடிச் செருப்பு. அதை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குகை வாசலுக்குப் பக்கத்துப் பாறையில் தாண்டவராயன் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயசு, மயிலத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் நிலம், பம்புசெட்டு. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஆந்திர மலையில் வந்து ஊரார் செருப்புக்குக் காவல் இருக்கிறார் என்று தெரிந்தால் ஊரில் சிரித்தே மாய்ந்துவிடுவார்கள். சிரிக்கட்டுமே! அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே வா என்று யாரும் கையைப் பிடித்து இழுக்காமல் விட்டார்களே, அதுவே பெரிய புண்ணியம் என்றிருந்தார்.

மலை அந்த இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. வாய்க்குக் குறுக்கே ஆளுயரத்துக்கு மேல் இரும்புக் கம்பிக் கதவு. கதவைத் தாண்டினால் ஈரப் படிகள் கீழே இறங்கி இறங்கி, முப்பதாவது படிக்கு அப்புறம் வெளிச்சம் போதாமல் காணாமல் போயின. உள்ளேயிருந்து சில்லென்று ஒரு காற்று வந்துகொண்டே இருந்தது. வௌவால் நாற்றமும் பழைய மண் நாற்றமும் கலந்த காற்று. அந்த நாற்றம் மூக்கில் ஏறும்போதெல்லாம் தாண்டவராயன் முகத்தை அந்தண்டை திருப்பிக்கொண்டார். வாசலுக்கு இடது பக்கம் ஒரு கொட்டகையில் டீசல் மோட்டார் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால்தான் உள்ளே பல்பு எரியும். மோட்டாரையும் கதவையும் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேன் காக்கிச் சட்டையும் வேட்டியுமாக எதிரே குந்தியிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குத் தெலுங்கு தெரியாது. இரண்டு பீடியும் ஒரு தீக்குச்சியும் செலவானதில் நல்ல சிநேகமாகிவிட்டிருந்தார்கள்.

இந்தச் செருப்புச் சாக்கின் கதையைச் சொல்லியாக வேண்டும். திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற சக்கரபாணி, வருஷத்துக்கு ஒரு தடவை புரட்டாசியில் ஒரு பஸ்ஸைப் பிடித்து யாத்திரை கிளப்புவான். திருப்பதி, காளஹஸ்தி, பெஜவாடா, அன்னவரம், சிம்மாசலம். கடைசியில் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்: ‘மலைக்குள் இயற்கை அதிசயக் குகை! தானாய் வளர்ந்த சிவலிங்கம்! மின்விளக்கு வசதி உண்டு!’ பஸ் கிளம்பிய முதல் நாளே, எல்லாரும் ஏறியாச்சா என்று அவன் விரலை நீட்டித் தலையை எண்ணப் போக, பெண்கள் பக்கமிருந்து ஒரே கூச்சல். “ஆளை எண்ணாதப்பா! எண்ணுனா ஒண்ணு கொறைஞ்சிடும்!” அப்புறம் அவன் எங்கே எண்ணுவான்? சாப்பாட்டு வேளையில் இலையை எண்ணினான், கோயிலில் செருப்பை எண்ணினான். எல்லாரும் ஒரே சாக்கில் செருப்பைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டியது, வந்து எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியது. சாக்கு காலியானால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று கணக்கு. ஒரு தலையைக்கூட எண்ணவில்லை, ஆள் ஒருத்தர்கூட விட்டுப் போகவில்லை. சக்கரபாணிக்கு மூளைய்யா மூளை என்று பஸ்ஸே மெச்சிக்கொண்டது.

மூட்டுவலி என்று சொல்லி இரண்டாவது நாளிலிருந்தே தாண்டவராயன் மலையேறுகிற கோயிலுக்கெல்லாம் போகாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டார். சாக்கு அவர் பொறுப்புக்கு வந்தது. சாக்கே அவருடையதுதான், வீட்டிலிருந்து மல்லாட்டை வறுத்துக் கட்டிக்கொண்டு வந்தது. கடைசி ஜோடி போனதும் அவர் சாக்கைத் தலைகீழாக உதறி, “சாக்கு காலி!” என்று ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் டிரைவர் முருகையன் வண்டியைக் கிளப்புவான். ஏழு நாளில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிப்போனது. சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பார்த்தால் “சாக்கு காலி தாத்தா” என்று கத்தின.

இந்தக் குகைக்குச் செருப்பைக் கழற்ற வேண்டியதே இல்லை. வாட்ச்மேன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான், போட்டுக்கொண்டே போங்கள், உள்ளே கல்லும் முள்ளும் வழுக்கலும் என்று. முன்னால் போன வடக்கத்திக் கூட்டம் பூட்ஸ் காலோடு தடதடவென்று இறங்கிப் போனது. நம்மவர்கள் கேட்பார்களா? உள்ளே லிங்கம் இருக்கிறதாம், செருப்போடு போவதாம், நல்ல கதை! நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக வந்து சாக்கில் போட்டார்கள். நாற்பத்து மூன்றாவதாக வந்த வீரம்மாள் போடுவதற்கு ஒன்றுமில்லாமல் சாக்கைத் தாண்டிப் போனாள். அவள் தாண்டவராயனின் சம்சாரம். பஸ்ஸில் செருப்பில்லாத கால் அவளுடையது ஒன்றுதான்.

அவள் செருப்பை விட்டு இருபத்திரண்டு வருஷமாகிறது. கிணற்றை ஆழப்படுத்த இறங்கிய தாண்டவராயன்மேல் பக்கச் சுவர் சரிந்த வருஷம் அது. மண் கழுத்துவரை மூடிவிட்டது. காலையில் சரிந்தது, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வெளியே எடுத்தார்கள். கூட இறங்கிய இரண்டு பேரும் ஏறித் தப்பி, கயிற்றுக்கும் ஆளுக்கும் ஓடிப்போய்விட்டார்கள். வீரம்மாள் மூணு வயசு மகள் பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்று விளிம்பில் நின்றாள். இறங்கவும் முடியாது, தூக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது. மயிலம் முருகன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து, “இந்த மனுஷனை மேல ஏத்தி உட்டுடு முருகா, ஆயுசுக்கும் காலுல செருப்பு போட மாட்டேன்” என்று கத்தினாளாம். அப்போது மயக்கத்தில் இருந்த அவர் அதைக் கேட்கவில்லை, பிற்பாடு ஓடிவந்தவர்கள் சொன்னதுதான். அவர் கேட்டது வேறு. அவள் பேசிக்கொண்டே இருந்ததை. “தோ இருக்கேன். மேலதான் இருக்கேன். எங்கயும் போவல. கருப்பி கன்னு போட்டுடும் போல இருக்குதுங்க, நீங்க வந்துதான் பாக்கணும். சோறு வடிச்சி வச்சிட்டேன். தோ இருக்கேன்.” நாள் பூராவும் அதே பேச்சு. ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கேட்டது. பதில்தான் சொல்ல முடியவில்லை. நெஞ்சை மண் அமுக்கினால் வாயிலிருந்து மூச்சு வருமே தவிர சத்தம் வராது.

அப்புறம் கல்லானாலும் முள்ளானாலும் வெறுங்கால்தான். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த பொன்னி, சித்திரை வெயிலில் தார் ரோட்டில் அம்மா கால் கொப்பளித்ததைப் பார்த்துவிட்டு ரப்பர் செருப்பு ஒன்று வாங்கித் தந்தாள். வீரம்மாள் அதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். “இருபது வருசம் ஆயிப்போச்சி, முருகனே மறந்திருப்பாரு, போட்டுக்கயேன்” என்று இவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “அவரு மறந்தா மறக்கட்டும், நான் மறக்கலியே” என்றாள். சரி, சொன்னால் கேட்கிற ஜாதியா என்று அவர் விட்டுவிட்டார். பழகப் பழக அந்தக் கால் அவர் கண்ணிலேயே படாமல் போய்விட்டது.

அன்றைக்குக் காலையிலேயே இரண்டு பேருக்கும் தகராறு. குகைக்குள் அவரும் வர வேண்டும் என்று வீரம்மாள் பிடித்த பிடியாக நின்றாள். “ஒரே ஒரு தபா வாங்களேன். மனுசன் பயத்தை உட வாணாமா? நான் கையப் புடிச்சிக்கினு கூட்டியாறேன்.” பயம் என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டாள்! கிணறு சரிந்ததிலிருந்து அவர் கிணற்றுக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதில்லை. அது வீட்டோடு இருக்கிற சங்கதி. பஸ்ஸில் வந்து அதை உடைக்கலாமா? அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “உனுக்குத்தான் எதைக் கண்டாலும் ஆசை. போ! போயி உள்ளயே குந்திக்கினு இரு!” என்று வள்ளென்று விழுந்தார். அவள் மடியில் சூடப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு முன்சீட்டில் பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள். குகை வாசலில் சாக்கைத் தாண்டும்போதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இவரும் பார்க்கவில்லை.

இரண்டரை மணிக்கு மேல் வானம் கறுத்தது. மலை மழை நம் ஊர் மழை மாதிரி சொல்லிக்கொண்டு வராது. இங்கே பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர் மலை காணாமல் போய்ச் சடசடவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. வாட்ச்மேன் துள்ளி எழுந்து உள்ளே பார்த்து என்னவோ கத்தினான். படி வழியாக ஜனங்கள் அலறிப் புடைத்துக்கொண்டு ஏறி வந்தார்கள். பூட்ஸ்காரர்கள், யாரோ பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களோடு கலந்து நம்மவர்கள். தாண்டவராயன் சாக்கின் வாயை அகல விரித்துப் பிடித்தார். “அண்ணே, என்துது சிவப்பு வாரு!” “அது என்துதுடி, உடு!” என்று ஆளுக்கொரு பக்கம் கைவிட்டுத் துழாவினார்கள். முக்காட்டுத் துணியும் தலையில் பையுமாக எந்த முகமும் முகமாகத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவுமில்லை, செருப்பைத்தான் பார்த்தார். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. கடைசி ஜோடி சக்கரபாணியுடையது. “எல்லாம் ஆச்சாண்ணே? ஜல்தியா வாங்க, ரோடு வழுக்கிடும்” என்று சொல்லிக்கொண்டே அவன் பஸ்ஸுக்கு ஓடினான்.

வாட்ச்மேன் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தாண்டவராயனைப் பார்த்து உள்ளே விரலைக் காட்டி, புருவத்தை உயர்த்தினான். எல்லாரும் வந்தாச்சா என்று கேட்கிறான், இதற்கு எந்தப் பாஷை வேண்டும்? தாண்டவராயன் எழுந்து நின்று, சாக்கைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உதறு உதறிக் காட்டினார். கொஞ்சம் மண்ணும் நாலு மல்லாட்டைத் தோலும் விழுந்தன. வாட்ச்மேன் சிரித்துவிட்டான். மோட்டாரை நிறுத்தினான். கதவை இழுத்துச் சாத்தி, தேங்காய் அளவுக்கு இருந்த பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கோணிப்பையைத் தலையில் கவிழ்த்தபடி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓடினான். “சாக்கு காலி!” என்று மழைக்கு மேல் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் தாண்டவராயனும் பஸ்ஸின் பின்வாசல் வழியாக ஏறினார். பஸ் கிளம்பியது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் சந்தோஷமாகவே இருந்தார் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பின்சீட்டில் தலையைத் துவட்டிக்கொண்டார், மிச்சமிருந்த மல்லாட்டையை உரித்துத் தின்றார். ஜன்னல் பக்கம் ஓடைகள் செம்மண் கரைத்துக்கொண்டு கொட்டுவதைப் பார்த்து, இந்தத் தண்ணியில் கால்வாசி நம் ஏரிக்கு வந்தால் போதுமே என்று பெருமூச்சுவிட்டார். முன்பக்கம் பெண்கள் நனைந்த புடவைகளைக் கம்பியில் விரித்துக் கட்டியிருந்ததில் அங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியவில்லை. இருட்டில் லிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பாள், இனிமேல் பத்து நாளைக்கு அதே பேச்சாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். காலையில் கொஞ்சம் அதிகமாகத்தான் கத்திவிட்டோமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. சாப்பிடும்போது சரிபண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மலையடிவாரத்தில் ஒரு ஓட்டுக் கொட்டகைக்கு முன்னால் பஸ் நின்றது. சமையல்காரர் புளிச்சோற்று அண்டாவை இறக்கினார். இத்தனை நாளும் வீரம்மாள்தான் இலையில் சோற்றை வாங்கி, ஓரமாக ஒரு உப்புக் கல் வைத்து, கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பாள். சண்டையானாலும் சோறு வந்துவிடும், பேச்சுதான் வராது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் தின்ன ஆரம்பித்தார்கள். இலையை எண்ணுகிற சக்கரபாணி, மழையில் யாருக்குப் பசி இருக்கும், யாருக்கு இருக்காது என்று அன்றைக்கு எண்ணவில்லை. தாண்டவராயன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், திண்டிவனத்துத் தையல்காரர் சம்சாரம் ராஜாமணியிடம் கேட்டார். அவள்தான் ஏழு நாளும் வீரம்மாளுக்குப் பக்கத்துச் சீட்டு.

“எங்க அவ? பஸ்ஸுலயே படுத்துக்கினாளா?”

ராஜாமணி கையிலிருந்த உருண்டையை இலையிலேயே போட்டாள். “உங்ககூட பின்னாடி வர்றாங்கன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்! காலைல கோவமா இருந்தாங்களே, சமாதானமாயி உங்ககிட்ட வந்து குந்திக்கினாங்கன்னு…” அவள் எச்சில் கையோடு எழுந்து நின்றாள். “அண்ணே, லிங்கத்தாண்ட நின்னுக்கினு இருந்தாங்க. நீங்கல்லாம் முன்னாடி போங்க, ஒரு சூடம் ஏத்திட்டு வந்துடறேன்னாங்க. அப்பதான் அந்த ஆளு மழைன்னு கத்துனான். எல்லாரும் ஓடியாந்துட்டோம்.”

தாண்டவராயன் பஸ்ஸில் ஏறி, கட்டியிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். சீட்டுக்கடியில் குனிந்து பார்த்தார், அங்கே எப்படி இருப்பாள் என்று அவருக்கே தெரியும். அவள் சீட்டில் மஞ்சள் பை இருந்தது. கீழே இறங்கி, கையிலிருந்த சாக்கை விரித்து அதற்குள்ளும் எட்டிப் பார்த்தார். பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். ‘ஐயையோ, நாந்தானே உதறிக் காமிச்சேன்’ என்று அவருக்கு உள்ளே ஒரு குரல் கிளம்பியது. நாற்பத்திரண்டு போட்டது, நாற்பத்திரண்டு எடுத்தது. கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் ஆளுக்கொரு பேச்சு. பஸ்ஸைத் திருப்பு என்று இவர்கள் கத்த, முருகையன் கையெடுத்துக் கும்பிட்டான். “திருப்ப மாட்டேன்னா சொல்றேன்? மழை புடிச்சா பெரிய வண்டிய மேல உட மாட்டான், செக்போஸ்ட்ல மரத்தைச் சாத்திட்டான். போயி பாருங்க.” போய்ப் பார்த்தார்கள், சாத்தித்தான் இருந்தது. சக்கரபாணி தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் செக்போஸ்ட்காரர்களிடம் கெஞ்சினான். காப்பித் தோட்டத்து ஜீப் ஒன்று மேலே போகக் கிளம்பியது. இரண்டு பேருக்கு இடம் தந்தார்கள். ஏறும்போது தாண்டவராயன் சொன்னார். “சக்கரபாணி, அவளுக்கு இருட்டுன்னா பயம் கெடயாதுப்பா. எனுக்குத்தான்.” சக்கரபாணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் ஜீப் நின்று நின்று போனது. ஒவ்வொரு வளைவிலும் அவர் கீழே குதித்து ஓடிவிடலாமா என்று பார்த்தார். ஓடினால் ஜீப்பைவிடச் சீக்கிரமா போய்விடப் போகிறார்?

குகை வாசலுக்கு வந்தபோது மழை தூறலாகிவிட்டிருந்தது. மலைக்கு மேல் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது, கம்பிக்கு உள்ளே நாலு படிக்கு மேல் தெரியவில்லை. அதைவிட மோசம், சத்தம். மத்தியானம் கேட்காத ஒரு சத்தம் இப்போது உள்ளேயிருந்து கேட்டது. எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம். வாட்ச்மேனின் பெண்டாட்டி குடிசையிலிருந்து ஓடிவந்தாள். விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “லேது, லேது” என்று சாவி திருகுகிற மாதிரி விரலைத் திருகிக் காட்டி, கையைத் தூரமாக நீட்டினாள். சாவியோடு அவன் ரயிலேறிச் சந்தைக்குப் போயிருக்கிறான் என்று சக்கரபாணி கேட்டுச் சொன்னான். வேறு சாவி இல்லை. எப்போது வருவான்? அடுத்த ரயிலில் வரலாம், மழையில் ரயில் நின்றால் வராமலும் இருக்கலாம். தண்ணி எவ்வளவு ஏறும் என்று சக்கரபாணி கேட்டான். அவள் முதலில் முழங்காலைத் தொட்டாள். பிறகு யோசித்து இடுப்பைத் தொட்டாள். பிறகு தெரியாது என்று கையை விரித்துவிட்டாள்.

சக்கரபாணியும் தாண்டவராயனும் ஆளுக்கொரு கல்லை எடுத்துப் பூட்டை மாறி மாறி இடித்தார்கள். கல்தான் இரண்டாகப் பிளந்தது. கம்பியை உலுக்கினார்கள். அது மலையோடு சேர்த்துக் காரை பூசி நட்ட கம்பி, வெளியிலிருந்து பத்து யானை வந்தாலும் அசையாது. “ஸ்டேசன்ல கேங்மேனுங்க இருப்பாங்க, கடப்பாரை, ரம்பம் எதுனா இருக்கும். நான் ஜீப்ல போயி இட்டுகினு வந்துடறேன். நீங்க இங்கயே இருங்கண்ணே. எங்கயும் போயிடாதீங்க” என்று சொல்லிவிட்டுச் சக்கரபாணி ஓடினான். எங்கே போகப் போகிறார் அவர்? வாட்ச்மேன் பெண்டாட்டி ஒரு அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து கம்பியோரம் வைத்துவிட்டு, ஆட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று ஜாடை காட்டிப் போனாள்.

தாண்டவராயன் கம்பியில் முகத்தை வைத்துக் கூப்பிட்டார். “ஏமே! இந்தாமே!” உள்ளேயிருந்து அவர் குரலே ‘மே, மே’ என்று திரும்பி வந்தது. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அவளை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார். இங்கே நின்று எந்தப் பொம்பளையைக் கூப்பிட்டாலும் அப்படித்தானே இருக்கும்? “வீரம்மா!” என்று கத்தினார். தன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அவருக்கே புதுசாக இருந்தது. “வீரம்மா! தோ வந்துட்டேன்!” குகை அதையும் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. வேறு பதில் இல்லை. தண்ணீர்ச் சத்தம்தான்.

விழுப்புரத்தில் இறங்கிப் பொன்னி வீட்டுக் கதவைத் தட்டினால், அவள் முதலில் அப்பா வா என்று சொல்ல மாட்டாள். அம்மா எங்கே என்றுதான் கேட்பாள். செருப்பை எண்ணினேன் மகளே, உன் அம்மா காலில் செருப்பில்லை என்று சொல்வதா? எதனால் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? ‘போயி உள்ளயே குந்திக்கினு இரு’ என்று சொன்ன நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது. மயிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்தார். நாலு பக்கமும் மலை, நாலு பக்கமும் மேகம், திசை ஒன்றும் புலப்படவில்லை. என்ன நேர்ந்துகொள்வது என்றும் தெரியவில்லை. விடுவதற்கு அவரிடம் என்ன இருக்கிறது? பீடி இருக்கிறது. ஒரு உயிருக்குப் பீடியையா கொடுப்பது என்று வெட்கமாக இருந்தது. கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு பச்சைப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. அன்றைக்குக் கிணற்றுக்குள் அவருக்கு எல்லாமே கேட்டது. பதில் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். பதில் வரவில்லை என்று அவள் பேச்சை நிறுத்தினாளா? காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரைக்கும் நிறுத்தவில்லையே. அந்தப் பேச்சு மட்டும் நின்றிருந்தால் அவர் கண்ணை மூடியிருப்பார். அதை அவளிடம் இதுநாள் வரை அவர் சொன்னதில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கம்பிக்கு இப்பால் ஈரப் பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வௌவால் நாற்றத்தோடு அந்தக் காற்று முகத்தில் அடித்தது. இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“தோ இருக்கேன். மேலதான் இருக்கேன். எங்கயும் போவல. சக்கரபாணி ஆள இட்டாரப் போயிருக்கான். நீ தண்ணி இல்லாத எடமா பாத்து மேட்டுல ஏறிக் குந்திக்க. கால ஊணிப் பாத்து வையி, வழுக்கும்.” கொஞ்சம் நிறுத்திக் காது கொடுத்தார். பிறகு அதே குரலில் தொடர்ந்தார். “உன் பை பஸ்ஸுல பத்திரமா இருக்குது. ராஜாமணி எடுத்து வச்சிருப்பா. இன்னிக்குப் புளிச்சோறு, உப்பு கம்மி. நான் இன்னும் துன்னல. நீ வந்து போட்டாதான் துன்னுவேன். ஊருக்குப் போற வழியில விழுப்புரத்துல எறங்கி ரெண்டு நாளு பொன்னி வூட்ல இருந்துட்டுப் போலாம்மே. நீ கேட்டியே, நான்தான் வாணாம்னேன். போலாம்.”

பேசப் பேச வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. குடிசைப் பக்கம் ஆடு கத்தியது. ஸ்டேஷன் திசையில் ரயிலுமில்லை, ஜீப்புமில்லை. பேசுவதற்கு அவருக்கு விஷயம் தீர்ந்துபோயிற்று. தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் குனிந்து, காலிலிருந்த டயர் செருப்பைக் கழற்றினார். போன பொங்கலுக்குத் திண்டிவனத்தில் வாங்கியது, நனைந்து கனத்துப் போயிருந்தது. கம்பிக்கு நடுவில் தோள்வரைக்கும் கையை விட்டு, உள்ளே இரண்டாவது படியில், ஈரம் படாத இடமாகத் தடவிப் பார்த்து, இரண்டையும் ஜோடியாக வைத்தார்.

“சாக்கு இன்னும் காலியாவலமே” என்றார் உள்ளே பார்த்து. “ஒரு ஜோடி இருக்குது. தோ, இங்கதான் இருக்குது.”

அரிக்கேன் வெளிச்சம் அந்தச் செருப்புவரைக்கும் எட்டியது. அதற்கு அடுத்த படி இருட்டில் இருந்தது. அவர் வெறுங்காலை மடக்கி உட்கார்ந்து, மறுபடியும் பேச ஆரம்பித்தார்.